அம்மா இல்லாத சனிக்கிழமைகள்

"விழுந்து எவ்வளவு நேரமாச்சும்மா?" என்று ஆம்புலன்ஸ்காரர் போனில் மூன்றாவது தடவையாகக் கேட்டார். தெரியாது என்றேன்.

தெரியும். முப்பத்தைந்து நிமிஷம்.

சித்தி, அம்மாவின் அறைக் கதவு இடுக்கில் கார் ஜாக்கியின் கம்பியைக் கொடுத்து நெம்பிக்கொண்டிருந்தாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. கம்பி இரண்டு தடவை வழுக்கி அவள் முழங்கையைப் பதம் பார்த்துவிட்டது. தம்பி இடுப்பில் துண்டும் தலையில் சோப்பு நுரையுமாகச் சமையலறை வாசலில் நின்றான். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "போச்சு, போச்சு, போச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். எதற்கும் அவன் அதைத்தான் சொல்வான். பென்சில் விழுந்தாலும் போச்சு, மழை நின்றாலும் போச்சு.

கதவுக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடைவெளியில் அம்மாவின் விரல்கள் தெரிந்தன. மூன்று விரல்கள். அசையவில்லை.

"அட்ரஸ் சொல்லும்மா," என்றார் போனில் இருந்தவர். எங்கள் வீட்டு எண் எனக்கு மறந்துவிட்டது. பதினேழு வருஷமாக இருக்கிற வீடு.

தாழ்ப்பாள் பெயர்ந்து கதவு திறந்தபோது சித்தி கம்பியைக் கீழே போட்டாள். அந்தச் சத்தத்தில் அம்மா கண்ணைத் திறந்தாள். உயிர் இருந்தது. வாயோரத்தில் கறுப்பாகக் காய்ந்திருந்தது. சித்தி அவள் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "அக்கா, என்னைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா? ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதாக்கா?" என்று கேட்டாள்.

அம்மா என்னைப் பார்த்தாள்.

ஏன் அம்மா உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இருந்தாள் என்று ஆம்புலன்ஸ்காரர் கேட்டார், அப்புறம் டாக்டர் கேட்டார். நாங்கள் சொன்னது இரண்டு பேருக்கும் பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டிருக்கும். எங்கள் வீட்டில் சனிக்கிழமை காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அம்மா செத்துப்போயிருப்பாள். அதற்கு நாங்கள் ஒத்திகை என்று பெயர் வைத்திருந்தோம்.

தம்பிக்குப் பதினொரு வயது. வீட்டில் எல்லோரையும் அதிகாரம் செய்வதால் துரை என்று கூப்பிடுவோம். துரைக்குத் தெரிந்தது மொத்தம் இருபது வார்த்தைகள். பிறக்கும்போதே மூளையில் பாதிப்பு. சாப்பிட, குளிக்க, சட்டை மாட்ட ஆள் வேண்டும். வலிப்பு வரும். மாத்திரை அரை மணி தள்ளிப்போனாலும் வந்துவிடும். அவனுக்கு எல்லாம் அம்மாதான். அப்பா, துரைக்கு இரண்டு வயது ஆகும்போது வேலை மாற்றம் என்று போனவர். போன இடத்தில் வேறு குடும்பமே வைத்துக்கொண்டார்.

அம்மா கார் ஓட்டக் கற்றுத் தருகிறவள். கல்லீரலில் வந்த புற்றுநோய் பரவிவிட்டது, இன்னும் ஆறேழு மாதம் என்று டாக்டர் சொன்ன அன்றும் மாலையில் ஒரு மாணவருக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். வந்ததும் என்னையும் சித்தியையும் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னாள். "அழறதுன்னா அஞ்சு நிமிஷம் அழுங்க. அப்புறம் வேலை இருக்கு," என்றாள்.

வேலை என்றது துரைக்குக் காப்பாளர் ஏற்பாடு செய்வது. சித்தி அம்மாவுக்கு ஒரே தங்கை. கல்யாணம் ஆகவில்லை, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. "எனக்கு ஒரு செடி கூட தங்காதுக்கா. கள்ளிச்செடியே கருகிப் போச்சு," என்று முதலில் பயந்தாள். அப்புறம் இரண்டு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். அப்பா, 'எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பிவிட்டார். ஆட்சேபணை இல்லாததற்குத் தபால்தலை மட்டும் கொஞ்சம் அதிகமாக ஒட்டியிருந்தார்.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தோம். ஆனால் காப்பாளராக ஒருவரை ஏற்பதற்கு முன்னால் நலத்துறையிலிருந்து ஒரு அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பார். வந்தார். கையில் பைல், மூக்கு நுனியில் கண்ணாடி. சித்தி அதைப் பார்த்ததும், "பிரேம் கொஞ்சம் லூசா இருக்கு மேடம், டைட் பண்ணித் தரவா?" என்று ஆரம்பித்தாள். பாவம், படபடப்பு. அதிகாரியம்மா சிரித்தார். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. சித்தி துரைக்கு ஒரு வாய் ஊட்டினாள். துரை அவள் விரலைக் கடித்துவிட்டு, மேசைக்கு அடியில் போய் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டான். இழுத்தும் வரவில்லை.

"குழந்தை இவங்களை இன்னும் ஏத்துக்கலையேம்மா," என்றார் அதிகாரியம்மா. "மறுபடி வந்து பார்க்கணும். இதே மாதிரி இருந்தா இப்படிப்பட்ட குழந்தைகளுக்கான இல்லத்துல சேர்க்கறதுதான் அவனுக்கே நல்லதுன்னு எழுத வேண்டியிருக்கும்."

அந்த இல்லத்தை அம்மா ஏற்கெனவே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். சுத்தமாக இருக்கிறது, நல்லவர்களாக இருக்கிறார்கள் என்று சொன்னாள். அன்று இரவு சாப்பிடவில்லை.

அப்படித்தான் ஒத்திகை ஆரம்பித்தது. "நான் பக்கத்துல இருக்கற வரைக்கும் அவன் உன்கிட்ட வர மாட்டான்," என்று சித்தியிடம் சொன்னாள் அம்மா. "கத்துக்க வர்றவங்களும் அப்படித்தான். என் பக்கமும் ஒரு பிரேக் இருக்குன்னு தெரிஞ்சா, ஒருத்தரும் அவங்க பிரேக்கை மிதிக்கறதே இல்லை. நான் காலை மடிச்சு சீட்டு மேல வச்சுக்கிட்டா, அன்னைக்கு ஒழுங்கா ஓட்டுவாங்க."

முதல் வாரம் கீழே நிற்கிற காரில் போய் உட்கார்ந்துகொண்டாள். அடுத்த வாரமே படி இறங்க முடியவில்லை. அதனால் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஆரம்பித்தாள். தண்ணீர், மாத்திரை, வாந்தி வந்தால் ஒரு வாளி. போனை மட்டும் என்னிடம் கொடுத்துவிடுவாள். அதன் ரிங்டோன் துரைக்கு உயிர். கேட்டால் கதவைப் பிய்த்துவிடுவான்.

மூன்றாவது சனிக்கிழமை, துரை ஒரு மணி நேரம் கதவில் தலையை முட்டி முட்டி அழுதான். நெற்றி புடைத்துவிட்டது. உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விலகியது. அம்மாவுக்கு எழுந்து இழுக்கத் தெம்பில்லை, நான்தான் கதவைத் தள்ளித் திறந்தேன். துரை பாய்ந்து போய் அவள் மேல் விழுந்தான். அம்மா அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"யார் உன்னைத் திறக்கச் சொன்னது?"

"நீதானேம்மா தட்டின."

"தட்டுவேன்டி. நான் அவனைப் பெத்தவ, தட்டத்தான் செய்வேன். மனசு கேட்காது. அதுக்குத்தான் உன்னை வெளியில வச்சிருக்கேன். இப்ப அவன் என்ன கத்துக்கிட்டான்? தலையை முட்டினா கதவு திறக்கும்னு கத்துக்கிட்டான். நான் போனப்புறமும் முட்டுவான். யார் திறப்பா?"

என் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

"இனிமே நான் தட்டினா திறக்காத. தாழ்ப்பாளை எடுத்துட்டுக் கெஞ்சினாலும் திறக்காத. செத்தவ தட்ட மாட்டா. சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

அதற்குப் பிறகு நாலு சனிக்கிழமை. துரை முதலில் கதவருகே உட்கார்ந்தான், அடுத்த வாரம் கூடத்தில் உட்கார்ந்தான். அதற்கடுத்த வாரம் சித்தி கையால் நாலு வாய் வாங்கிக்கொண்டான். சித்தி ஆனந்தத்தில் என்னைக் கிள்ளினாள். "நாலு வாய்டி. எண்ணிக்கிட்டியா? எண்ணி அக்காகிட்ட சொல்லு, நான் சொன்னா கூட்டிச் சொல்றேன்னுவா." அம்மாவிடம் சொன்னேன். அம்மா சந்தோஷப்பட்டாள், பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இதெல்லாம் சேர்ந்துதான் போன சனிக்கிழமை வந்தது.

பதினொன்றே கால் இருக்கும். சித்தி துரையைக் குளிப்பாட்ட அழைத்துப் போனாள். அவனைக் குளிக்க வைப்பது பெரிய போராட்டம், ஐந்து நிமிஷத்தில் இரண்டு பேரும் கத்திக்கொண்டு வெளியே வந்துவிடுவார்கள். அன்று வரவில்லை. குளியலறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. துரை சிரிக்கிறான். சித்தி நுரையில் தாடி வைத்துக்கொண்டு ஏதோ கட்டைக் குரலில் பேச, அவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். அம்மாவைத் தவிர யாரோடும் அவன் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. நான் துணிகளை வாஷிங் மெஷினில் போட்டுக்கொண்டிருந்தேன். கையில் ஈரச் சட்டையோடு அப்படியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பதினொன்று இருபதுக்கு அம்மாவின் அறைக்குள் ஏதோ விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தட்டல். மூன்று தடவை. அப்புறம் இடைவெளி விட்டு இரண்டு தடவை.

அவன் சிரிப்பது அவளுக்கும் கேட்டிருக்கும், தாங்க முடியவில்லை, அதனால் தட்டுகிறாள் என்று நினைத்தேன். வாளியைத் தள்ளிவிட்டிருப்பாள் என்று நினைத்தேன். துரைக்குக் கேட்டால் எல்லாம் பாழாகிவிடும் என்று நினைத்தேன். மெஷின் குமிழைப் பிழிகிற சுற்றுக்குத் திருப்பினேன். எங்கள் மெஷின் பழசு, பிழிய ஆரம்பித்தால் வீடே நடுங்கும்.

அது நின்றபோது பதினொன்று ஐம்பது. தட்டல் இல்லை. மெதுவாகக் கதவருகே போய், "அம்மா," என்றேன். பதில் இல்லை. குனிந்து பார்த்தேன். விரல்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், உள்ளே ரத்தக் கசிவு என்றார். இனி மாதக் கணக்கு இல்லை, நாள் கணக்கு என்றார். சீக்கிரம் வந்திருந்தால் மாறியிருக்குமா என்று சித்தி கேட்டதற்கு, "அதை இப்பப் பேசி என்னம்மா ஆகப்போகுது," என்றார். அந்தப் பதில்தான் இரண்டு நாளாக எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது.

அம்மாவுக்கு நினைவு இருக்கும்போதே வாக்குமூலம் வாங்க வேண்டும் என்று அதிகாரியம்மாவுக்குச் சொல்லி அனுப்பினோம். நாளை காலை ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரிக்கே வருகிறார். அவர் கொடுத்தனுப்பியிருந்த தாளில் இரண்டு வரி. முதல் வரியில் காப்பாளர், அதில் சித்தியின் பெயர். இரண்டாவது வரியில், அவரால் முடியாமல் போனால் அடுத்துப் பொறுப்பேற்பவர். அது காலியாக இருந்தது.

இன்று மத்தியானம் ஆஸ்பத்திரி வராந்தாவில் சித்தி என்னை ஓரமாக இழுத்துப் போனாள். துரை பெஞ்சில் உட்கார்ந்து, சித்தியின் கைப்பையின் ஜிப்பை மூடித் திறந்து விளையாடிக்கொண்டிருந்தான்.

"நான் கையெழுத்துப் போடலைடி," என்றாள்.

"என்ன சித்தி சொல்றீங்க?"

"பக்கத்து ரூம்ல எங்க அக்கா செத்துக்கிட்டிருக்கா. நான் தாடி வச்சுக்கிட்டு ஆட்டம் போட்டுக்கிட்டிருந்திருக்கேன். ஒரு சத்தம் என் காதுல விழலை. நாளைக்கு இவனுக்கு ராத்திரி வலிப்பு வந்தா எனக்குக் கேட்குமா? என்னை நம்பி ஒரு புள்ளைய விடலாமா, நீயே சொல்லு."

"அவன் சிரிச்சான் சித்தி."

"சிரிச்சா போதுமா? நாளைக்கு அந்த மேடம்கிட்ட சொல்லிடறேன். அந்த இல்லத்துல நர்ஸ் இருக்காங்க, பெல் இருக்கு. கண்ணாடிக் கடைக்காரியவிட அவங்க மேல்."

அவள் அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அழும்போது சித்தி சொல்வதில் பாதி நிஜமாக இருக்காது. அப்போது அவள் பேசியதெல்லாம் நிஜம்.

சொல்லாமல் இருந்தால் துரை போய்விடுவான்.

"சித்தி, அம்மா தட்டினாங்க. எனக்குக் கேட்டுச்சு."

சித்தி புரியாமல் பார்த்தாள்.

"உங்களுக்குக் கேட்காததுக்குக் காரணம் நான்தான். மெஷினைப் போட்டுட்டேன். கேட்கக் கூடாதுன்னுதான் போட்டேன்."

அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சித்தி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். ஒரு ஸ்ட்ரெச்சர் எங்களைத் தாண்டிப் போனது. அப்புறம் கையை நீட்டி என் பின்னங்கழுத்தைப் பிடித்துத் தன் தோளோடு அழுத்திக்கொண்டாள். ரொம்ப இறுக்கமாக. வலித்தது.

"எங்க அக்கா இருக்காளே," என்றாள். "பதினேழு வயசுப் பொண்ணுகிட்ட எதை ஒப்படைக்கறதுன்னு ஒரு வரைமுறை வேண்டாம்?" பிடியை விட்டாள். "இதை அந்த மேடம்கிட்ட வாயைத் திறக்காத. அக்காகிட்டயும் வேண்டாம். அவ நிம்மதியாப் போகட்டும். நான் கையெழுத்துப் போடறேன். போதுமா?"

"உங்களுக்கு என் மேல கோபம் இல்லையா சித்தி?"

"இருக்கு. அதுக்கு இப்ப நேரம் இல்லை. துரை, ஜிப்பை உடைச்சிடாதடா, அது ஒண்ணுதான் உருப்படியா இருக்கு."

"போச்சு," என்றான் துரை.

சாயங்காலம் சித்தி அவனை வீட்டுக்கு அழைத்துப் போனாள். அம்மா இல்லாமல் அவன் தூங்குகிற மூன்றாவது ராத்திரி இது. எட்டு மணிக்குப் போன் செய்தாள். சாப்பிட்டான், மாத்திரை போட்டுக்கொண்டான், அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு தூங்குகிறான், பாத்ரூம் போகக்கூட எழுந்திருக்க முடியவில்லை என்று கிசுகிசுப்பாகச் சொன்னாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

நான் அம்மாவின் கட்டிலருகே போய் உட்கார்ந்தேன். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

"அந்தத் தாளை எடு," என்றாள். குரல் காற்று மாதிரி இருந்தது. "ரெண்டாவது வரி காலியா இருக்கா?"

"இருக்கும்மா."

"ஏழு மாசத்துல உனக்குப் பதினெட்டு. உன் பேரை எழுதலாம்னு அந்த மேடம் சொன்னாங்க. உங்க சித்திக்கு நாளைக்கு ஒரு வாழ்க்கை அமையலாம், உடம்புக்கு முடியாமப் போகலாம். அப்ப அவன் உன் பொறுப்பு." மூச்சு வாங்கினாள். "எழுதறதா வேண்டாமான்னு தெரியலை. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்கணும்."

தண்ணீர் கொடுத்தேன். உதட்டை நனைத்துக்கொண்டாள்.

"நான் தட்டினது உனக்குக் கேட்டுச்சா?"

சித்தி சொன்னது ஞாபகம் வந்தது. டம்ளரை மூடி வைத்தேன்.

"கேட்கலைன்னா உன் பேரை எழுதறேன்," என்றாள் அம்மா. "கேட்டும் வராம இருந்திருந்தா எழுத மாட்டேன்."

"ஏம்மா? தண்டனையா?"

அம்மா சிரிக்கப் பார்த்தாள். "தண்டனையா? போடி லூசு. நான் சொன்ன ஒரு சொல்லுக்காக, பெத்தவ கீழ கிடக்கறப்பவும் அசையாம நிக்கறவன்னா, நான் எழுதிட்டுப் போனா காலம் பூரா அப்படியே அவன் பக்கத்துல நின்னுடுவ. படிக்க மாட்ட, எங்கயும் போக மாட்ட. நான் தட்டினாலும் திறக்காதன்னு சொன்னது என் தப்பு. அதே தப்பை எழுத்துல வேற போட்டுட்டுப் போக முடியாது. சொல்லு, கேட்டுச்சா?"

அதற்குள் நர்ஸ் வந்துவிட்டார். "பேச விடாதம்மா, வெளியில போய் உட்காரு," என்றார். "காலையில சொல்லு," என்று அம்மா உதட்டை அசைத்தாள்.

இப்போது மணி இரண்டு. வராந்தாவில் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். சித்தியிடம்கூடச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்தத் தட்டல் கதவின் கீழ்ப் பக்கத்திலிருந்து வந்தது. முழங்கால் உயரம் கூட இல்லை. நிற்கிறவர்கள் யாரும் அங்கே தட்ட மாட்டார்கள். குமிழைத் திருப்புவதற்கு முன்னாலேயே அது எனக்குத் தெரிந்தது. தெரிந்து எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. சத்தியம் செய்ததால்தான் திருப்பினேன் என்று இரண்டு நாளாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். எல்லாம் எப்படியாவது முடிந்தால் போதும் என்று அந்த நேரத்தில் ஒரு நினைப்பு ஓடியதா என்று கேட்டால், ஓடவில்லை என்று அடித்துச் சொல்ல முடியவில்லை.

கேட்டது என்று உண்மையைச் சொன்னால், அம்மா அந்த வரியைக் காலியாக விட்டுவிடுவாள். நான் படிக்கப் போகலாம், எங்கே வேண்டுமானாலும் போகலாம். சித்தியால் முடியாமல் போகிற நாளில் துரைக்கு யாரும் இல்லை. கேட்கவில்லை என்று பொய் சொன்னால் என் பெயரை எழுதிவிட்டு, நிம்மதியாகக் கண்ணை மூடுவாள். அந்தப் பொய்யோடு காலம் முழுவதும் அவனுக்குச் சட்டை மாட்டிவிட்டுக்கொண்டிருப்பேன்.

எது சரி என்று கேட்டால் யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்கள். என்னால் கண்டுபிடிக்க முடியாதது வேறு. என் பெயர் அந்தத் தாளில் இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேனா, இல்லையா?